குடல் எம்ஆர்ஐ எடுக்க மதுரை அண்ணா நகர் ஸ்கேன் சென்டருக்குப் போனோம்

என் தம்பிக்கு 22 வயது, கிரோன்ஸ் நோய், அதாவது குடலில் வீக்கமும் புண்ணும் வந்து நீண்ட நாள் தொடர்கிற நோய். போன மாதம் சாப்பிட்டாலே வலது அடிவயிறு பிடித்து இழுக்கிறது என்றான், டாக்டர் எம்ஆர் என்டெரோகிராஃபி, அதாவது சிறுகுடலைப் பார்க்கிற எம்ஆர்ஐ ஸ்கேன், எழுதிக் கொடுத்தார். ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பி பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசிக் கொஞ்சத்தையும்தான் காட்டும், அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க இந்த ஸ்கேன் வேண்டும். சிடி ஸ்கேனிலும் பார்க்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு. இந்த வயதில் ஆரம்பித்து இன்னும் எத்தனை தடவை எடுக்க வேண்டியிருக்குமோ.

போன வருடம் வேறோர் இடத்தில் இதே ஸ்கேனுக்குக் காசைக் கட்டி ஏமாந்தோம். மருந்துத் தண்ணீரை இருபது நிமிடத்தில் மடமடவென்று குடிக்க வைத்து உடனே மிஷினுக்குள் அனுப்பிவிட்டார்கள். குடல் சரியாக விரியவில்லை. சுருங்கிக் கிடக்கிற குடலின் சுவர், நோய் இல்லாவிட்டாலும் தடித்த மாதிரிதான் தெரியுமாம். டாக்டர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். பிள்ளை பட்டினி கிடந்தது வீண்.

அதனால்தான் இந்த முறை விசாரித்து இங்கே வந்தோம். முதல் நாளே போன் செய்து கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள், ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். மேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி மாட்டுத்தாவணியில் இறங்கி எட்டு மணிக்குள் போய்விட்டோம். குடலை விரிய வைக்கிற மானிட்டால் மருந்து கலந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர், பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒவ்வொரு டம்ளர் முடிந்ததும் நர்ஸ் அக்கா சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்தார். நாலாவது டம்ளரில் தம்பிக்குக் குமட்டிவிட்டது. "உக்காராத தம்பி, நடந்துக்கிட்டே வாய் வாயா குடி" என்று அவரும் கூடவே வராண்டாவில் நடந்தார். அந்த ஒன்றுக்காகவே ஐந்து ஸ்டார் கொடுப்பேன்.

இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள், மூச்சை நிறுத்தவும் முன்கூட்டியே பழக்கினார்கள். குடல் அசையாமல் இருக்க பஸ்கோபான் ஊசி, அப்புறம் படம் தெளிவாக விழ கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி. உள்ளே நாற்பது நிமிடம்.

முடிந்ததும் ரேடியாலஜி டாக்டரே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடம். வழக்கமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் இவனுக்கு 7, உள்ளே வழி ஒரு கோடு மாதிரி ஒடுங்கியிருந்தது. அந்த ஒடுக்கம் வீக்கத்தால் வந்ததா, பழைய புண் ஆறித் தழும்பாகிப் போனதா என்பதுதான் முக்கியமாம். வீக்கம் என்றால் மருந்துக்கு அடங்க வாய்ப்புண்டு, தழும்பு மருந்துக்கு அசையாது, பல பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். சுவருக்குள் நீர் கோத்து வெள்ளையாகத் தெரிவதைக் காட்டி, "இவருக்கு வீக்கம்தான் அதிகம்" என்றார். ஆபரேஷனுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. குடல் டிபியும் இதே இடத்தில்தான் வரும், படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், பயாப்ஸியும் (சதையில் துளி எடுத்துச் செய்கிற பரிசோதனை) பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நம் ஊரில் அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

குறை என்றால், மொத்தக் கூடத்துக்கும் ஒரே ஒரு டாய்லெட். மானிட்டால் குடித்தவனுக்கு வயிறு எப்படிப் போகும் என்று இவர்களுக்குத் தெரியாதா? தம்பி வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சாயங்காலம் என்ற ரிப்போர்ட்டும் மூன்றாம் நாள்தான் கிடைத்தது, அதற்காக இன்னொரு தடவை மேலூரிலிருந்து வர வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரர்கள் மாற்று உடை ஒன்று எடுத்துப் போங்கள், ஸ்கேன் முடிந்த கையோடு பஸ் ஏறாதீர்கள். நாங்கள் மத்தியானம் இரண்டு மணி வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.