குளியலறைச் சுவருக்குள் ஒரு பித்தளை எல்போ

மன்னார்குடியில் வீடு கட்டி எட்டு வருஷம் ஆகிறது. போன சித்திரையில் சாமி அலமாரிக்குப் பின்னால் சுவர் பொரிந்து உதிர ஆரம்பித்தது. அதற்கு அந்தப் பக்கம் குளியலறை. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் எல்போவில், அதாவது பைப் வளைந்து திரும்பும் இணைப்பில், மயிரிழை விரிசல். முழுக்க பிளாஸ்டிக் மரை. அதில் டெஃப்லான் டேப்பைச் சணல் கயிறு மாதிரி சுற்றி, இரும்புக் குழாயை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பிளக்காமல் என்ன செய்யும்?

அதற்குப் பதிலாக வாங்கியதுதான் பித்தளை மரை வைத்த இந்த அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) எல்போ. சாதா எல்போவைவிட விலை பல மடங்கு. நான்கு வாங்கினேன், ஒன்றில் பித்தளை கோணலாக உட்கார்ந்திருந்தது, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஹீட்டர் லைனுக்குச் சேர்த்து பைப்பும் வாங்குகிறவர்கள், அதில் சிபிவிசி பைப்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15778 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை பிவிசி பைப்பை வெந்நீருக்குப் போடவே கூடாது.

இந்த முறை வந்த பிளம்பர் அவசரப்படவில்லை. பைப்பை நேராக அறுத்து, பிசிறு சுரண்டி, சிபிவிசிக்கான சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவிச் செருகினார். அப்புறம் கையை எடுக்காமல் அரை நிமிஷம் பிடித்திருந்தார். விட்டால் பைப் மெல்லப் பின்னுக்கு வந்துவிடுமாம். டேப்பை மரை ஏறும் திசையில்தான் சுற்றினார். "அம்மா, இன்னைக்குத் தண்ணி விட வேண்டாம், ஒரு நாள் பக்கெட்ல குளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினார். டீ குடித்து முடிக்கும் வரை அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரைப் பூசினோம். முதல் தடவை இதை யாருமே செய்யவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஒரு குறை. எல்போ டைல்ஸ் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று உள்வாங்கிப் போய், நீட்டிக்கத் தனியாக நிப்பிள் (மரை வைத்த குட்டைக் குழாய்) போட்டோம். அது இன்னொரு ஜாயின்ட், ஒழுக இன்னொரு இடம். எல்போவைக் குறை சொல்ல முடியாது, அளவு பார்க்காத எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஐப்பசி அடைமழையிலும் சாமி அலமாரிச் சுவர் காய்ந்தே இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளை அடிப்பதைத் தைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.