மானிட்டர் கேட்டால் டிவியைத் தள்ளிவிடுகிறார்கள், உஷார்

என் மனைவி வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க டாலி, எக்ஸெல். லேப்டாப் திரை போதவில்லை என்று 24 இன்ச் மானிட்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கடைக்காரர் மானிட்டரை எடுக்கவே இல்லை. "அதே காசுக்கு 32 இன்ச் டிவி தர்றேன் சார். வேலையும் பாக்கலாம், படமும் பாக்கலாம். ஃபுல் எச்டி சப்போர்ட் இருக்கு" என்றார். லேப்டாப்பை மாட்டியும் காட்டினார். விண்டோஸ் செட்டிங்கில் ஃபுல் எச்டிக்குரிய 1920×1080 என்றே வந்தது. சரி என்று வாங்கிவிட்டோம்.

வீட்டில் மாட்டினால் டாஸ்க்பார் பாதி திரைக்கு வெளியே. அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது. டிவி மெனுவில் படத்தின் அளவை மாற்றியதும் சரியாகிவிட்டது. எழுத்துதான் சரியாகவில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் 6 எது, 8 எது என்று தெரியாது. கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

கம்பெனி தளத்தில் மாடல் நம்பரைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த டிவியின் பேனல், அதாவது படம் காட்டும் திரை, வெறும் 1366×768 புள்ளிகள். 'சப்போர்ட்' என்றால் ஃபுல் எச்டி சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கியதைச் சுருக்கித்தான் காட்டும். சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் 10.5 லட்சம். ஃபுல் எச்டி 24 இன்ச் மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள், இதில் 49. விண்டோஸ் காட்டுவது அனுப்பும் சிக்னலை மட்டுமே. ஆகவே கடையில் அதைக் காட்டினால் நம்பாதீர்கள். பேனலின் நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது திரையில் நிஜமாகவே இருக்கும் புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள்.

ஹாலில் ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்க்க அந்த டிவி தாராளம். டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளவும் முடியும். 43 இன்ச் 4கே டிவியில் அங்குலத்துக்கு 102 புள்ளிகள் வரும். ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக 4கே படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, வர வேண்டும், 30 என்றால் மவுஸ் இழுபடும். நிறத் தகவலைக் குறைக்காமல் காட்டும் 4:4:4 முறை இல்லாவிட்டால் சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் கசியும். மேஜையும் அகலமாக வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "டிவி ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?" என்கிறார். பில்லில் மாடல் நம்பர் கிடையாது, '32 எல்இடி' என்று மட்டும். கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: வேண்டுமானால் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மானிட்டர் மாற்றித் தருவாராம்!

ஒப்புக்கொள்ளவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் மாடல் நம்பரும் ரெசல்யூஷனும் எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எங்கள் புகாரில் இழுபறியே அதனால்தான்.