கீரியும் வைரியும் திரிகிற காட்டில் எந்தக் கோழி நிற்கும்? ஆறு வருட அனுபவம்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். மூன்று பக்கமும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் நாலைந்து வெள்வேல மரம். கீரி, காட்டுப்பூனை, சாரைப்பாம்பு எல்லாம் அந்த வேலிக்குள்ளேயேதான் குடியிருக்கின்றன. இந்த இடத்தில் கோழியைப் பகல் முழுக்க அவிழ்த்துவிட்டு வளர்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

2019 ஆடியில் 25 வனராஜாக் குஞ்சுகள் வாங்கினேன். ஹைதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம் அது. ஒன்றரை மாதம் பல்பு வெளிச்சத்தில் வைத்து வளர்த்து அப்புறம் வெளியே விட்டேன். எடை நன்றாக ஏறியது, முட்டையும் நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்குக்கு மேல். வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ரகம் சொல்ல மாட்டேன். எங்கள் காட்டுக்கு ஒத்துவரவில்லை. கீரி பகலில் வேட்டையாடும் பிராணி. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வருவதற்குள் மூன்று பெட்டைகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. மற்றவை பத்தடி தள்ளி அப்படியே மேய்ந்துகொண்டிருந்தன. உடம்பு கனம், எழும்பிப் பறக்க முடியாது. பயப்படச் சொல்லிக்கொடுக்கத் தாயும் இல்லை. பொங்கல் வந்தபோது ஒன்பதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவரிடம் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். "காசு கம்மியா குடு சாமி, ஆனா குஞ்சோட இருக்கறப்ப கூண்டுல அடைச்சு வெச்சுராத. அது பாத்துக்கும்" என்றார் அவர். பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்தே ஓட்டு மேல் ஏறிவிடும்.

அந்த நாலில் ஒன்று செம்மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டது. அது 11 குஞ்சுகளோடு களத்தில் கிளறிக்கொண்டிருந்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் நின்ற சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து, 'கீர்ர்ர்' என்று இழுத்து ஒரு சத்தம் கொடுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் குஞ்சுகள் ஒன்றைக்கூடக் காணவில்லை. எல்லாம் கிளுவை அடியில் சருகோடு சருகாக அசையாமல் படுத்துவிட்டன. தாய் மட்டும் வெளியே நின்று இறகைச் சிலுப்பிக்கொண்டு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. மேலே வந்தது வைரி என்கிற வேட்டைப் பறவை. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் பருந்து என்றே சொல்லிவிடுவோம். கரும்பருந்தும் குஞ்சு தூக்கும், ஆனால் அது வட்டமடித்துக்கொண்டு வருவதால் முன்கூட்டியே தெரிந்துவிடும். புறா அளவே இருக்கிற வைரி மரத்துக்குள் மறைந்திருந்து நேராகப் பாயும். அன்று தாய் எகிறி அடித்த அடியில் வெறுங்காலோடு திரும்பிப் போனது. அந்த ஈட்டில் 8 குஞ்சுகள் பெரிதாயின. செண்பகப் பறவை இரண்டைத் தூக்கியது, ஒன்று மழையில் நனைந்து செத்தது.

பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையும் வைத்துப் பார்த்தேன். தாய்க்குணத்தில் குறையே இல்லை, கீரியை எதிர்த்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் குஞ்சுக்கு இறகு முளைக்க நாளாகிறது, அந்த இடைவெளியில்தான் வைரி அள்ளுகிறது. சேவல்கள் ஒன்றையொன்று விடாமல் அடித்துக்கொள்ளும், ஒன்றுக்கு மேல் அவிழ்த்துவிட முடியாது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து வந்த கருங்கோழி, அதாவது கடக்நாத், நல்ல சுறுசுறுப்பு, மிரட்சியும் உண்டு. அடைக்கு மட்டும் சரியாக உட்காராது. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடை வைத்துத்தான் பொரிக்க வைத்தேன்.

நிறமும் முக்கியம். வெள்ளையும் வெளிர்சாம்பலும் என்னிடம் ஒரு வருடம் தாண்டியதில்லை. கீரி நிறம், செம்பழுப்பு, புள்ளி போட்டவை சருகோடு கலந்துவிடும்.

சிறுவிடையில் குறை இல்லாமல் இல்லை. சேவல் ஒன்றரைக் கிலோ வர ஆறேழு மாதம் ஆகும். முட்டை சின்னது, அதையும் வேலிக்குள் ஒளித்து இட்டுச் சாரைக்குக் கொடுத்துவிடும். சாயங்காலம் வேப்பமரத்தில் ஏறி அடையும், நானும் முதல் வருடம் விட்டுவிட்டேன். மரநாய் மரமேறும் என்பது இரண்டு பெட்டைகள் போன பிறகுதான் உறைத்தது. இப்போது பொழுது சாய்வதற்கு முன் ஒரு கைப்பிடி கம்பு தானியம் போட்டு, அடியிலிருந்து கூரை வரை கம்பிவலை அடித்த கொட்டகைக்குள் அடைத்துவிடுகிறேன். நாலு நாளில் பழகிவிட்டது. நாய்க்கூட்டம் வந்தால் மட்டும் எந்த ரகமும் முழுதாகத் தப்பாது, வேலியில் பொந்து அடைப்பதுதான் வழி. கீரிக்கும் பூனைக்கும் விஷம் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை உண்டு. அது போக, நம் தோட்டத்து எலியையும் பாம்பையும் பிடிப்பதும் அவைதானே.

நோய் விஷயத்தில் சிறுவிடையை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. 2021 கோடையில் வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் 17 போனது. கீரி மூன்று வருடத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. அதன் பிறகு குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, இரண்டையும் விடுவதில்லை.

இன்றைக்கு 32 உருப்படி நிற்கிறது, அதில் பாதிக்கு மேல் அந்தக் கரும்புள்ளியின் வழி. அடை வைக்கும்போது அதிகம் இட்ட கோழியின் முட்டையை எடுக்காமல், போன ஈட்டில் அதிகம் குஞ்சு தேற்றிய கோழியின் முட்டையையே எடுக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒரு நாள் குஞ்சாக 50 வாங்குவதைவிட, குஞ்சோடு திரிகிற இரண்டு தாய்க்கோழிகளை வாங்குங்கள். விலை கூடத்தான் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் அந்தக் குஞ்சுகள் பக்கம் ஒரு தடவை கையை நீட்டிப் பாருங்கள். தாய் உங்கள் கையைக் கொத்த வந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.