60 என்று காட்டி 57 கொடுத்த பெட்டி: பழைய டெஸ்ட் கருவி வாங்குகிறவர்களுக்கு

புதுச்சேரியில் பழைய எலெக்ட்ரானிக் டெஸ்ட் கருவிகளைப் புதுப்பித்து விற்பதாகச் சொல்லும் ஒரு வியாபாரியிடம் ஃபேஸ் ஷிஃப்டர் என்ற கருவிக்கு 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அவர் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் என் வாயைக் கட்டிவைத்திருக்கிறார். ஏமாந்த விதத்தை எழுதுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. அதுதான் உங்களுக்கும் தேவை. கடைக்காரரின் பெயர் மாறலாம், இந்த வித்தை மாறாது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் உதவிக்கு ஒரு தம்பியும், அவ்வளவுதான். சிப்காட் பக்கத்து ஆலைகளிலிருந்தும் புதுச்சேரி சேதராப்பட்டிலிருந்தும் ஏபிஎஃப்சி ரிலேக்கள் பழுதுபார்க்க வரும். அறியாதவர்களுக்கு ஒரு வரி: ஆலைக்குள் வரும் மின்சாரத்தில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி விலகி நிற்கின்றன என்று பார்த்து, அதற்கேற்பக் கெப்பாசிட்டர்களைச் சேர்ப்பதும் கழற்றுவதும் இந்த ரிலேயின் வேலை. அது தவறாகக் கணக்குப் போட்டால் பவர் ஃபேக்டர் குறைந்து மின்கட்டணத்தோடு அபராதமும் வரும்.

ரிலே சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்க, நமக்குத் தெரிந்த கோணத்தை அதற்குக் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். பவர் ஃபேக்டர் என்பது அந்தக் கோணத்தின் கோசைன்; 60 டிகிரி பின்தங்கிய கரண்டைக் கொடுத்தால் 0.50 என்று சொல்ல வேண்டும். கோணத்தைக் கொடுக்கிற கருவிதான் ஃபேஸ் ஷிஃப்டர். அதில் இரண்டு அவுட்புட் இருக்கும். ஒன்று அசையாது, மற்றது நாம் சொன்ன டிகிரிக்கு நகரும். இரண்டையும் ஆம்ப்ளிஃபையரில் ஏற்றி, ஒன்றை வோல்டேஜாகவும் மற்றதை 5 ஆம்பியர் கரண்டாகவும் ரிலேவுக்குக் கொடுப்பேன். கையால் திருகும் பழைய கருவி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு ரிலேயை முழுதாகப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுத்தால் 0, 15, 30 என்று தானே படிப்படியாக நகரும் கருவி கிடைத்தால் அந்த நேரத்தில் டீ குடிக்கலாமே என்று ஆசைப்பட்டேன். அந்த டீயின் விலைதான் 38,000.

2025 பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். கடை சுத்தமாக இருந்தது. கருவியும் பளபளவென்று இருந்தது. “அண்ணே, இது ஆய்வுக்கூடத்துச் சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்” என்றார். சொன்னதைச் செய்தேன். சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலையில், அதாவது ஒரு அவுட்புட் குறுக்காகவும் மற்றது நெடுக்காகவும் ஓடும்படி வைத்து, 1 கிலோ ஹெர்ட்ஸ் சிக்னலில் முதலில் 0 டிகிரி வைத்தார். திரையில் சாய்வாக ஒரே கோடு, பிளவே இல்லை. 90 வைத்தார். கோலப்பொடி கொட்டிப் போட்டது போல வட்டம். 180 வைத்ததும் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. லிசாஜு வடிவங்கள் எனப்படும் இவற்றைப் பாடப்புத்தகத்தில் பார்த்த எவனும் மயங்கிவிடுவான்; நானும் மயங்கினேன். அன்று திரையில் தெரிந்தது பொய்யில்லை. பொய் வேறு இடத்தில் இருந்தது.

பின்பக்கம், கம்ப்யூட்டரோடு இணைப்பதற்கான 24 முனை ஜிபிஐபி சாக்கெட் இருந்தது. “புரோகிராம் எல்லாம் வேலை செய்யும். இங்கே கார்டு இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடுமே என்று எனக்காக வருத்தப்பட்டு, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதில் கருவியின் சீரியல் எண் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மிச்சமாகிற 18 சதவீதத்தை மனம் எண்ணிக்கொண்டிருந்தது. கூடவே, கருவியின் அளவுகளை ஆய்வகம் சரிபார்த்ததாகச் சொல்லும் கேலிபரேஷன் சான்றிதழ் ஒன்றும் கெட்டித் தாளில் தந்தார். பதினான்கு கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் வந்தேன். கன்னியக்கோயில் தாண்டும்வரை பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வாரம் ஜிபிஐபியோடு மல்லுக்கட்டினேன். பின்பக்கத்தில் ஐந்து சிறிய சுவிட்சுகள் உண்டு. 1, 2, 4, 8, 16 என்று கூட்டினால் கருவியின் முகவரி வரும். 0 முதல் 30 வரை ஒவ்வொரு முகவரியாக வைத்துக் கூப்பிட்டேன். எந்த எண்ணிலும் பதில் இல்லை. போன் செய்தால் “உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் பாருங்கள் அண்ணே” என்றார். பார்த்தேன். நண்பர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வேறொரு கருவியை இரவல் வாங்கி அதே கேபிளில் சொருகினால், முதல் கூப்பிடுதலுக்கே பதில் சொன்னது. சரி, கையாலாவது ஓட்டுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

சிப்காட்டிலிருந்து வந்த ரிலேயில் 60 டிகிரி வைத்தேன். 0.54 என்றது. ரிலே போய்விட்டது என்று சொல்லி, புதியது வாங்கிவிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன். அவர்கள் வாங்கினார்கள். புதியதையும் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடமே அனுப்பினார்கள். அதுவும் 0.54. சேதராப்பட்டிலிருந்து வேறு கம்பெனித் தயாரிப்பு ஒன்று வந்திருந்தது, அதுவும் 0.54. முன்னேறும் பக்கம் 36.9 டிகிரி வைத்தால் 0.80 வர வேண்டிய இடத்தில் மூன்றும் 0.77 என்றன. 0 டிகிரியில் மட்டும் மூன்றும் சமர்த்தாக 1.00 காட்டின.

மூன்று சாட்சிகள் ஒரே பொய்யைச் சொன்னால் சந்தேகம் கேள்வி கேட்டவன் மேல்தான் விழ வேண்டும். கணக்குப் போட்டேன். கோசைன் 57 என்பது 0.545. கோசைன் 39.9 என்பது 0.767. ஆக, கரண்டு பக்கம் எப்போதும் 3 டிகிரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 0 டிகிரியிலும் அதே 3 டிகிரிப் பிழை உண்டு. ஆனால் கோசைன் 3 என்பது 0.9986, ரிலே அதை 1.00 என்றுதான் எழுதும். 60 டிகிரியில் அதே பிழை கிட்டத்தட்ட 9 சதவீதமாக வீங்கிவிடுகிறது. ஃபேஸ் சம்பந்தப்பட்ட எந்தக் கருவியையும் யூனிட்டி பவர் ஃபேக்டரில், அதாவது 1.00 இல் மட்டும் காட்டி விற்கிறவரை நம்பாதீர்கள். அந்த இடத்தில் எதுவும் சரியாகத்தான் தெரியும்.

அவுட்புட்டை நேராக ஆஸிலோஸ்கோப்பில் கொடுத்து 50 ஹெர்ட்ஸில் அளந்தேன். 60 டிகிரிக்கு 3.33 மில்லி செகண்ட் வர வேண்டும், வந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபையரா? அதைக் கழற்றி இரண்டு நாள் தேடினேன், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில்தான் புத்தி வந்தது. ஆம்ப்ளிஃபையரின் இன்புட் மின்தடை 10 கிலோ ஓம், ஆஸிலோஸ்கோப்போ 1 மெகா ஓம்; அதாவது ஆம்ப்ளிஃபையர் நூறு மடங்கு கூடுதல் சுமை. ஃபேஸ் ஷிஃப்டர் அவுட்புட்டின் குறுக்கே இருபத்தைந்து காசு பெறாத ஒரு 10 கே ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளந்தேன். 3.17. ரெசிஸ்டரை எடுத்தால் 3.33. வைத்தால் 3.17. தம்பியைக் கூப்பிட்டு அவனையும் வைத்து எடுக்கச் சொன்னேன். அசையாத மற்ற அவுட்புட்டில் அதே ரெசிஸ்டர் ஒன்றும் செய்யவில்லை.

அதாவது அவுட்புட்டுக்குத் தொடராக நிற்கும் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது. மூடியைத் திறந்து, அதைக் கழற்றி அளந்தேன். உடம்பில் 100 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் 6 வந்தது. 100 இருந்தால் 10 கிலோ ஓம் சுமையில் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்படும் விலகல் 0.2 டிகிரிக்கும் குறைவு. 6 ஆகிவிட்டால் 3 டிகிரி. 1 கிலோ ஹெர்ட்ஸில் அந்த 6 மைக்ரோ ஃபாரடே 0.15 டிகிரிதான் பிசகும். கடையில் நான் பார்த்த வட்டமும் கோடும் ஏன் அத்தனை அழகாக இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. சுமையே இல்லாமல், கெப்பாசிட்டருக்கு வலிக்காத அலைவரிசையில் காட்டினார். அன்று நான் 50 ஹெர்ட்ஸில் காட்டச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார், குறுக்கே ரெசிஸ்டர் இல்லையே. அதனால்தான் இப்போது எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு 10 கே போட்டுக்கொண்டு போகிறேன். நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அந்த அலைவரிசையில், அந்தச் சுமையோடு காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர் உலர்வது வயதின் கோளாறு. அதை வியாபாரி அறியாமலே விற்றிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, உள்ளே சேறு இருக்கிறது” என்றான். டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்கும் தகட்டின் அடியில், துணியோ பிரஷ்ஷோ எட்டாத மடிப்பில், நேர்கோடு பிடித்தது போல வண்டல். அதே உயரத்தில் சேசிஸின் நான்கு பக்கமும் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன. அதற்கு மேலே உள்ளவை புதிதாக மின்னின. கடற்காற்றில் பிடிக்கும் துரு இப்படிக் கோடு போட்டுப் பிடிக்காது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் வெள்ளம் புகுந்ததும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்தப் பெட்டி அந்தத் தண்ணீரில்தான் நின்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஏதோ ஒரு தண்ணீரில் நின்றது.

பின்பக்கத்து ஜிபிஐபி சாக்கெட்டின் உள்பக்கத்தையும் அப்போதுதான் பார்த்தேன். அதிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் புறப்பட்டு, ஒரு சாண் தூரம் வந்து, நேர்த்தியாக மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் டையால் கட்டப்பட்டிருந்தது. மறுமுனை எதிலும் சொருகப்படவில்லை, சொருக வேண்டிய போர்டு அங்கே இல்லை. நான்கு ஸ்க்ரூ துளைகள் மட்டும் இருந்தன. முப்பத்தொரு முகவரிக்கும் நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஆளில்லாத வீட்டை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை எரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அடுத்து சான்றிதழ். கெட்டித் தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. ‘பாஸ்’ என்ற சொல் பெரிய எழுத்தில். அளவீடு எடுத்தது 1 கிலோ ஹெர்ட்ஸில் மட்டும். அளவீட்டின் நிச்சயமின்மை எவ்வளவு என்ற பத்தியே இல்லை, எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள் என்பதும் இல்லை. ஐஎஸ்ஓ 17025 முறைப்படி நடக்கும் ஆய்வகம் இந்த இரண்டும் இல்லாமல் கேலிபரேஷன் சான்றிதழ் கொடுக்காது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் சின்னத்தோடு அச்சிட்டிருந்த அங்கீகார எண்ணை என்ஏபிஎல் தளத்தில் தேடினேன். அந்த எண்ணுக்குரிய ஆய்வகம் எடைத் தராசும் பிரஷர் கேஜும் பார்க்கிற இடம். போன் செய்தேன். “சார், எங்களிடம் ஃபேஸ் அளக்கக் கருவியே கிடையாது, அது எங்கள் தாள் இல்லை” என்றார்கள். வாங்குவதற்கு முன் இதைத் தேடியிருந்தால் மொத்தம் ஐந்து நிமிட வேலை.

வியாபாரியிடம் நேரில் போனேன். முதலில் அண்ணே, பிறகு சார், கடைசியில் “நீங்கள்”. சீலை உடைத்துவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது என்றார். மூடியின் ஓரத்தில் அவர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்துத்தான் திறந்திருந்தேன், உண்மை. கடைசியாக, “தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது” என்று சட்டமும் சொன்னார். இதைக் கேட்டுப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் விலக்கு என்பது சரிதான். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் அந்த விலக்கில் வரமாட்டார் என்று அதே சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். வியாபாரி பதில் அனுப்பவில்லை. பிறகு ஆணையத்துக்குப் போனேன்.

வக்கீல் என்னைத்தான் அதிகம் திட்டினார். சீரியல் எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு, பாதிப் பணம் ரொக்கம், வாங்கிய அன்று ஒரு போட்டோ கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், உலர்ந்த கெப்பாசிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டேன். “சாட்சியை நீங்களே குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வருகிறீர்களே சார்” என்றார். குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம், நல்லவேளை. இப்போது அது ஒரு கவரில், தேதியும் தம்பியின் கையெழுத்துமாக இருக்கிறது. சேற்றைத் தொடவே இல்லை.

சிப்காட் கம்பெனிக்கு நடந்ததைச் சொல்லி, நல்ல ரிலேயைக் கெட்டது என்று எழுதிக் கொடுத்ததற்காகப் புதிய ரிலேயின் விலையை நான் கட்டினேன். அவர்கள் கேட்கவில்லை. அடுத்த முறை அந்தப் பராமரிப்பு எஞ்சினியர் முகத்தில் விழிக்க வேண்டுமே.

பெட்டி மேசை மேல்தான் இருக்கிறது. புதிய கெப்பாசிட்டரோடு 60 என்றால் 59.8 கொடுக்கிறது, ஆணையம் கேட்கும்வரை அதை வேலைக்கு எடுப்பதில்லை. பழைய கைக்கருவியில்தான் திருகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதே வியாபாரி இன்னொரு ஃபேஸ் ஷிஃப்டரை விற்பனைக்குப் போட்டிருப்பதாக நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். முன்பக்கம் பளபளக்கிறது, திரையில் வட்டம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் அந்த 10 கே ரெசிஸ்டரும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.