லிப்ரெ ஒபிஸ் பேஸ்: கடன் கொப்பியை இதுக்குள் ஏற்றலாமா?

கிழக்கிலங்கையில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் உரமும் கிருமிநாசினியும் விற்கிற கடைகளில் பில் எழுதுவது சின்ன வேலை. எழுதின பில்லுக்குப் பின்னால் போவதுதான் பெரிய வேலை. முன்மாரி (பெரும்போக) விதைப்புக்குக் கொண்டுபோன யூரியாவுக்கு மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டிய பிறகே காசு வரும். இடையில் ஒரு செக், கொஞ்சம் கைக்காசு, திரும்பவும் இரண்டு மூடை கடன். சுப்பர் மார்க்கட்டுக்கென்று செய்த பில் மெஷினுக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது. எக்செல்லில் போட்டால் மூன்றாம் மாதமே எந்த ஷீட் சரியானது என்ற சண்டை வரும்.

இந்த இடத்துக்கு லிப்ரெ ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்போடு இலவசமாக வரும் ‘பேஸ்’ என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பொருந்துமா? ஒரு கம்பியூட்டர், ஒரு ஆள் பில் போடுகிற கடை என்றால் பொருந்தும், ஆனால் மூன்று நான்கு இடங்களில் காலை வாரும். அந்த இடங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்ல சாமான்.

நிறுவியவுடன் வரும் முதல் தடை ஜாவா என்ற துணை மென்பொருள். பேஸின் உள்ளே வழமையாக இருக்கும் டேட்டாபேஸும் ரிப்போர்ட் செய்யும் கருவியும் ஜாவா இல்லாமல் ஓடாது. லிப்ரெ ஒபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ‘ஜாவா இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஜாவா இருக்கிற கம்பியூட்டரில் அப்படிச் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டேபிள் ஐந்து போதும்: வாடிக்கையாளர், பொருள், பில், பில் வரி (பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி, அரசாங்க வரியல்ல), வரவு. பில் டேபிளில் திகதி, வாடிக்கையாளர் இலக்கம், காசு தரவேண்டிய திகதி. பில் வரியில் பொருள், அளவு, அன்றைய விலை, அன்றைய வரி வீதம். எந்த டேபிளாக இருந்தாலும், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி என்ற இலக்கம் இல்லாவிட்டால் பேஸ் அதில் ஒரு எழுத்தும் எழுத விடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பாதிப்பேர் இதிலேயே மென்பொருள் பழுதென்று மூடிவிடுவார்கள்.

வாடிக்கையாளர் டேபிளுக்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். நம்முடைய ஊர்களில் அதே முதலெழுத்தோடு அதே பெயரில் மூன்று பேர் இருப்பது வழமை. பெயருக்குப் பக்கத்தில் ஊர், வட்டையின் (வயல்வெளியின்) பெயர், தொலைபேசி மூன்றுக்கும் தனித்தனி இடம் வையுங்கள். தொலைபேசியை எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் சைபர் விழுந்து பத்து இலக்கம் ஒன்பதாகிவிடும். எழுத்து வகையாகத்தான் வைக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழைய அட்டையில் கடைசியில் வரும் ‘வி’யை எண் பெட்டி ஏற்காது.

பெயர்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கவே கூடாது. பாமினியில் அடித்த பெயர் டேபிளுக்குள் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே கிடக்கும். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வித்தை. அகர வரிசைப்படுத்தினால் தாறுமாறு, தேடினால் கிடைக்காது, வட்ஸ்அப்பில் ஒட்டினால் அங்கே போய்க் குப்பையாகவே விழும். யூனிகோட்டில் அடித்து ரிப்போர்ட்டில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவைக் கொடுத்தால் சிக்கல் இல்லை.

பில் வரியில் விலைக்குப் போகும் வகை ‘டெசிமல்’. இங்கே ஒரு பொறி. பேஸ் டெசிமலைத் தரும்போது புள்ளிக்குப் பின்னால் சைபர் இடம் என்றுதான் வைத்துத் தரும். கவனிக்காமல் விட்டால் 187.50 ரூபாயில் ஐம்பது சதம் சத்தமில்லாமல் தொலையும். இரண்டு இடம் என்று கையால் மாற்றுங்கள். சதம்தானே என்று ‘டபுள்’ வகையைத் தெரிவு செய்தால் அது வேறு தொல்லை: நூற்றுக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது ஒரு சதம் இரண்டு சதம் உதைக்கும்.

பில் இலக்கத்தைத் தானாக ஏறும்படி விட்டால் பேஸ் சைபரிலிருந்து தொடங்கும். சைபர் இலக்க பில்லை எந்த முதலாளியும் ஏற்கமாட்டார். டூல்ஸ் மெனுவில் டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் எஸ்கியூஎல் பெட்டியைத் திறந்து, பில் இலக்கம் இருக்கும் பத்தியை (கொலத்தை) ‘ரீஸ்டார்ட் வித் 1001’ என்று மாற்றலாம். டேபிள் பெயரையும் பத்தியின் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். போடாவிட்டால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக எடுத்துக்கொண்டு அப்படியொரு டேபிளே இல்லை என்று சாதிக்கும். பிழையாகப் போட்ட பில்லை அழிக்க வேண்டாம். அழித்த இலக்கம் திரும்பி வராது, தொடரில் ஓட்டை விழும், கணக்காய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்த ஓட்டையைத்தான். ‘ரத்து’ என்று ஒரு பத்தி வைத்து அதில் அடையாளம் போட்டால் போதும்.

இனி அரசாங்க வரி. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லாத கடை பில்லில் வற் காட்டக்கூடாது. அவர்களுக்கு இந்தப் பந்தி தேவையில்லை. பதிவுள்ள ஹாட்வெயார் கடையென்றால், வரி வீதத்தை ஒரு மூலையில் ஒற்றை எண்ணாக வைத்து எல்லா பில்லும் அதைப் பார்த்துக் கணக்குப் போடும்படி செய்துவிடாதீர்கள். 2022 ஜூனில் 8 வீதம் 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. ஒற்றை எண்ணை 18 என்று மாற்றிய நிமிடத்திலேயே 2023 டிசெம்பர் பில்லைத் திரும்ப அச்சிட்டால் அதுவும் 18 வீதத்தில் வரும், வாடிக்கையாளரிடம் இருக்கும் தாளோடு ஒத்துப்போகாது. வீதம் ஒவ்வொரு பில் வரியிலும் அன்றைக்கு இருந்தபடி பதிய வேண்டும். விலைக்கும் இதே விதிதான்.

வற் தொகையைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் சதத்துக்கு வட்டமாக்குவதா, மொத்தத்தில் ஒரு தரம் வட்டமாக்குவதா என்பதையும் முதலே தீர்மானியுங்கள். 333.35 ரூபாய்ச் சாமான் மூன்று, மூன்று வரியில் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 18 வீதம் 60.00, மூன்றுக்கும் 180.00. மொத்தம் 1000.05க்குப் போட்டால் 180.01. ஒரு சதம்தான், ஆனால் திரையில் ஒன்றும் தாளில் இன்னொன்றும் வந்தால் பிழை எங்கே என்று தேடியே ஒரு பகல் போய்விடும்.

பில் பதியும் போர்ம் செய்யும்போது மேலே பில், கீழே பில் வரி என்று இரண்டு அடுக்கு வைக்கும் விசார்ட் நன்றாக வேலை செய்கிறது. பொருளைத் தெரிவு செய்ததும் விலை தானாக வந்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்கு மெக்ரோ என்ற சிறிய கட்டளைத் தொகுப்பு எழுத வேண்டும். கீழடுக்கில் வரி சேர்த்தவுடன் மொத்தம் மாறாது, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மைக்ரோசொப்ட் அக்சஸில் இந்த இரண்டும் எவ்வளவோ லேசு. ஆனால் அக்சஸ் விண்டோஸில் மட்டும் ஓடும், காசும் கொடுக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட பில்லை மட்டும் அச்சிடுவதிலும் பேஸ் கொஞ்சம் மண்டு. திரையில் இருக்கும் பில்லை ரிப்போர்ட் தானாக அறியாது. ஒரேயொரு வரி கொண்ட சின்ன டேபிள் செய்து, அச்சுப் பொத்தானை அழுத்தும்போது அந்த பில் இலக்கத்தை அதில் எழுதி, ரிப்போர்ட் அந்த டேபிளைப் பார்த்து எடுக்கும்படி வைப்பதே நிலையான வழி. அதே மெக்ரோவைக் கொண்டு பிடிஎப் ஆகவும் சேமிக்கலாம். கோப்பின் பெயரில் பில் இலக்கமும் வாடிக்கையாளர் பெயரும் வரட்டும். வட்ஸ்அப்பை 94 தொடங்கும் எண்ணோடு மெக்ரோவால் திறந்து செய்தியை எழுதி வைக்க முடியும். பிடிஎப்பை இணைப்பது கையால்தான்.

வரவு டேபிளில் செக்குக்குத் தனி இடம் வேண்டும்: வங்கி, செக் இலக்கம், செக்கில் இருக்கும் திகதி, நிலை. நிலை ‘மாறியது’ (வங்கியில் காசாகியது) என்று வந்த பிறகுதான் பாக்கியில் கழிய வேண்டும். பின் திகதி செக்கைக் கையில் வாங்கிய அன்றே கழித்துவிட்டால், அந்த செக் திரும்பி வரும்போது அந்த ஆளின் பெயர் கடன் பட்டியலிலேயே இருக்காது. தரவேண்டிய திகதியையும் ‘30 நாள்’ என்று தானாகக் கணக்கிட விடாமல், அறுவடையை ஒட்டிய திகதியைக் கையால் போடுங்கள். இல்லாவிட்டால் நினைவூட்டல் பட்டியல் மார்கழியிலேயே எல்லோருடைய பெயரையும் காட்டும், பிறகு அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஒரு வரவு எந்த எந்த பில்லுக்கு என்று பிரிக்கும் இன்னொரு டேபிள் சின்னக் கடைக்குத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு மொத்தப் பாக்கி போதும்.

பேஸின் ஆகப் பெரிய பலவீனம் கரண்ட். அதன் சொந்த டேட்டாபேஸில் போர்மில் பதிந்த வரி உடனே கோப்புக்குள் போய் உட்காராது. பிரதான விண்டோவில் சேவ் அழுத்தும்போதோ மூடும்போதோதான் போகும். இடையில் கரண்ட் போனால் அன்றைய பில் முழுவதும் போகலாம், கோப்பே திறக்காமலும் போகலாம். அச்சு மெக்ரோவிலேயே கோப்பைச் சேமிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் பாதி ஆபத்து குறையும், யூபிஎஸ் மீதியைக் குறைக்கும். தினமும் கடை பூட்டும்போது அன்றைய திகதியோடு ஒரு பிரதி பென்ட்ரைவில் எடுத்து, அது வீட்டுக்குப் போக வேண்டும். கார்த்திகை மார்கழி வெள்ளத்தில் கம்பியூட்டரும் பென்ட்ரைவும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

இரண்டு கவுண்டர் உள்ள கடை, அல்லது காத்தான்குடியில் கடையும் ஏறாவூரில் களஞ்சியமும் என்றால் இந்தக் கோப்பைப் பகிர நினைக்கவே வேண்டாம். அவர்களுக்கு மரியாடிபி என்ற, பலர் ஒரே நேரத்தில் பாவிக்கக்கூடிய டேட்டாபேஸ் சேர்வர் ஒன்றை நிறுவி, பேஸை வெறும் போர்மாகவும் ரிப்போர்ட்டாகவும் பாவிப்பது சரி. கரண்ட் பயமும் அங்கே பெருமளவு குறையும்.

பிரிண்டரில் ஏ5 லேசர் நல்ல தெரிவு. கார்பன் பிரதிக்காக டொட் மெற்றிக்ஸ் வைத்திருப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தைப் படமாகவே அனுப்புவதால் ஒரு பில் இறங்க ஒரு பிளேன்ரீ குடித்துவிடலாம்.

மென்பொருளுக்குக் காசில்லை, ஆனால் செய்துதர ஆள் பிடித்தால் காசுண்டு. காசைக் கொடுக்குமுன் மெக்ரோவைத் திறந்து பார்க்க முடிகிறதா, கடவுச்சொல் போட்டு வைத்திருக்கிறாரா, டேபிள்களை எக்செல்லுக்கு எடுக்க முடிகிறதா என்று அவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பாருங்கள். பழைய கொப்பியின் பாக்கிகளை ஆளுக்கு ஒரு ‘தொடக்கப் பாக்கி’ பில்லாக ஏற்றினால் போதும், பழைய பில் ஒவ்வொன்றையும் அடிக்கத் தேவையில்லை. ஏற்றுவதற்கு நல்ல நேரம் சிறுபோக அறுவடை முடிந்து, காசெல்லாம் வந்து, முன்மாரி விதைப்பு தொடங்காத அந்த இரண்டு மூன்று கிழமை. கொப்பியில் ஆகக் குறைந்த பெயர்கள் இருப்பது அப்போதுதான்.