பசளை மானியமா, இறக்குமதி வரியா: மலையகக் கிழங்குக்கு எது?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரியைத்தான் கேட்பார்கள். கிழங்கு தோண்டுகிற நேரம் பார்த்துப் பாகிஸ்தான் கிழங்கு வந்து இறங்கினால் விலை படுத்துவிடும், அவ்வளவுதான். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை, அதாவது இறக்குமதிப் பண்டங்களுக்குப் போடுகிற வரியை, ஒரு வர்த்தமானி அறிவித்தலிலேயே ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றலாம். இறக்கவும் அதே வர்த்தமானிதான், அங்கேதான் வில்லங்கம். அப்புறம், உலக வர்த்தக அமைப்பில் இலங்கை விவசாயப் பொருட்களுக்கு ஒப்புக்கொண்ட வரி உச்ச வரம்பு பெரும்பாலும் 50 சதவீதம். வெளியே கிழங்கு மலிந்து கிடக்கும்போது கிலோவுக்கு இத்தனை ரூபா என்று போட்ட அறவீடு அதைத் தாண்டலாம், தாண்டினால் ஏற்றுமதி செய்கிற நாடு வழக்குப் போட இடமிருக்கிறது.

பசளை மானியத்துக்கு அந்தத் தலைவலி குறைவு. அதே அமைப்பின் விவசாய உடன்படிக்கையின் 6.2 பிரிவு, வளரும் நாடுகள் வசதியில்லாத விவசாயிகளுக்குக் கொடுக்கும் உள்ளீட்டு மானியத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. பிரேசில் 2002இல் தொடங்கி 2014 வரை இழுத்து, 300 மில்லியன் டொலர் வாங்கி முடித்த அமெரிக்கப் பருத்தி மானிய வழக்கு வேறு ரகம், அது பணக்காரக் கஜானாவின் கதை.

சரி, ஆனால் இங்கே மானியம் என்றாலே நெல்லுக்குத்தான் முதல் பந்தி. 2005இல் மூட்டை 350 ரூபா என்று வந்ததும் நெல்லுக்கே. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் காணி உறுதி இல்லாமல் நாலு பாத்தி போடுகிறவர் எந்தப் பதிவில் வருவார்? வரி ஏறினாலோ, கடையில் அரைக் கிலோ கிழங்கு வாங்குகிற அதே லயத்து வீட்டின் தலையில்தான் விழும்.

என்னைக் கேட்டால் மானியம், அதுவும் காணி உறுதி கேட்காமல் கொடுப்பதானால். வரி அறுவடை மாதங்களுக்கு மட்டும் போதும்.