காலிமுகத்திடலுக்கும் டிக்கெட் விற்கிறார்கள்

காலிமுகத்திடலில் கால் வைக்க யாரும் காசு கட்டத் தேவையில்லை. கோட்டைப் பக்கம் கடலோரமாக நிற்கும் வெளிச்சவீட்டின் முன்னால் நின்று படம் எடுக்கவும் காசில்லை. சத்தாம் வீதிச் சந்தியில் நின்று மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவும் காசில்லை. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இதையெல்லாம் எழுதிக்காட்டுவது வேடிக்கைதான். ஆனால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வருகிற உங்கள் சொந்தக்காரருக்கு இதைச் சொல்லி வையுங்கள். என் மாமி குடும்பத்திடம் இந்த மூன்று இடத்துக்கும் சேர்த்து, தலைக்கு 2,500 ரூபா வீதம் "வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம்" என்று வாங்கிவிட்டார்கள். என்னிடம் இலங்கை அடையாள அட்டை இருந்ததால் எனக்கு மட்டும் "ஃப்ரீ". என்ன தாராளம்!

மாமி 1983க்கு முதல் கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தவ. பம்பலப்பிட்டியில் வாடகை வீடு, தினமும் ரயில். கலவரத்தோடு வெளிக்கிட்டவ, இப்போதுதான் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. முழங்கால் வருத்தம், அதிகம் நடக்க ஏலாது. அதனால் மாமியின் மகள், என் மச்சாள், கனடாவில் இருந்தபடியே இணையத்தில் தேடி ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பதிந்திருந்தா. விளம்பரத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஏசி வான், தமிழ் பேசும் வழிகாட்டி, பழைய வெளிச்சவீடு, புதிய வெளிச்சவீடு, 1864இலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோல் ஃபேஸ் ஹோட்டல், பிறகு கல்கிசையில் பாறை மேட்டில் இருக்கும் மவுண்ட் லவினியா ஹோட்டலின் மொட்டைமாடியில் பொழுதுபடும் நேரத் தேநீர். மொத்தம் 42,000 ரூபா. பாதியை முற்பணமாகக் கேட்டார்கள். அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு கம்பனியின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது.

எட்டு மணிக்கு வரவேண்டிய வான் ஒன்பதரைக்குப் பிறகுதான் வெள்ளவத்தைக்கு வந்தது. வழிகாட்டி இல்லை. சாரதிதான் வழிகாட்டியாம். அந்த மனுஷனுக்குத் தமிழ் தெரியாது, நல்ல சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம். முதல் நாள் இரவுதான் யாரோ தொலைபேசியில் கூப்பிட்டு இந்த ஓட்டத்தைக் கொடுத்ததாக அவரே பின்னேரம் சொன்னார். தமிழ் வழிகாட்டிக்குக் காசு கட்டிவிட்டு அன்று முழுக்க நான் முன் சீட்டில் இருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நிறுத்தம் மணிக்கூட்டுக் கோபுரம் என்று நினைத்தால், ஒரு மாணிக்கக்கல் கடை. "அரும்பொருட்காட்சி சேர், பத்து நிமிஷம்." வாசலிலேயே காவலாளி வானின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார். அதைக் கண்டால் விளங்கிவிட வேண்டும், அந்தக் கொப்பியில்தான் கொமிசன் கணக்கு. உள்ளே இரத்தினபுரிச் சுரங்கம் பற்றி ஒரு படம் போட்டார்கள். பிறகு ஒரு மாடி, அதற்கு மேல் இன்னொரு மாடி, எல்லா இடத்திலும் குளிர்பானம், எல்லா இடத்திலும் ஒரு புன்னகை. மச்சாளின் விரலில் ஒரு நீலக்கல் மோதிரத்தைப் போட்டுவிட்டுக் கழற்ற விடாமல் விலை பேசினார்கள். நிறம் கூட்டச் சூடாக்கிய கல்லா, இயற்கை நிறமா என்று நான் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. வெளியே வரும்போது பதினொன்றரை. அடுத்தது ஆயுர்வேத எண்ணெய்க் கடை. அங்கே மாமி இறங்கவே இல்லை. "எனக்கு எண்ணெய் வேண்டாம், கோட்டையைக் காட்டுங்கோ" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டா.

கோட்டையை வானின் கண்ணாடிக்குள்ளால்தான் காட்டினார்கள். நிறுத்த இடமில்லையாம். மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டும்போது "இது ஒல்லாந்தர் கட்டினது, கப்பல் பார்க்க" என்றார் சாரதி. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாமி இல்லை என்று தலையாட்டினா. அவவுக்குச் சிங்களம் என்னைவிட நல்லாத் தெரியும், இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்திருக்கிறா. ஒல்லாந்தர் போய் அறுபது வருடத்துக்குப் பிறகு, 1857இல், ஆங்கிலேயர் காலத்தில் கட்டி முடித்தது அது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் மனைவிதான் வடிவமைத்தவர். முதலில் வெறும் மணிக்கூட்டுக் கோபுரம், வெளிச்சம் ஏற்றியது 1867இல். சுற்றிவரக் கட்டிடங்கள் உயர்ந்து கடலிலிருந்து வெளிச்சம் மறைந்துபோனதால் 1952இல் அணைத்துவிட்டு, கடலோரத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள். வீதிக்கு நடுவில், கடலுக்குத் தள்ளி ஒரு வெளிச்சவீடு ஏன் நிற்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தானே வழிகாட்டி?

கடலோர வெளிச்சவீட்டடியில் இறங்கவிட்டார்கள், அதுவும் அவசரமாக. நாலு பக்கமும் சிங்கச் சிலைகள், 29 மீட்டர் உயரம், பின்னால் துறைமுகம். பிள்ளைகளுக்கு அந்த நாளில் முதன்முதலாகச் சந்தோஷம். சாரதி அது இருநூறு வருடப் பழையது என்றார். மாமி அவரைத் திரும்பிப் பார்த்து, "நானும் அம்பத்திரண்டிலதான் தம்பி பிறந்தனான். அப்ப எனக்கும் இருநூறோ?" என்று சிங்களத்தில் கேட்டா. மனுஷன் சிரித்துவிட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை. நாள் கூலியாக அவருக்குக் கிடைப்பது என்னவென்று கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மிச்சத்தை அவர் கடைக் கொப்பியில்தான் தேடிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் இந்த ஏற்பாடே. 42,000 ரூபா எங்கே போனது என்று காசு வாங்கிய ஆளிடம்தான் கேட்கவேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்தத் துண்டு வந்தது. கையால் எழுதிய சீட்டு, முத்திரை இல்லை, கம்பனிப் பெயர் இல்லை: மூன்று இடத்துக்கும் நுழைவும் பார்க்கிங்கும். சாரதி தொலைபேசியை நீட்டினார், மறுபக்கத்தில் ஒழுங்கமைப்பாளர். "வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் அரசாங்க விதி மேடம்." இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பு அரும்பொருட்காட்சியகம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம் எல்லாவற்றிலும் வெளிநாட்டவருக்கு உண்மையாகவே வேறு கட்டணம்தான். அங்கே கட்டிப் பழகியவர்கள் இங்கேயும் பேசாமல் கட்டிவிடுவார்கள். நான் கைகழுவப் போய்த் திரும்பி வருவதற்குள் மச்சாளும் எண்ணிக் கொடுத்துவிட்டா.

இதில் என்னை எரிச்சலூட்டியது தொகையல்ல. காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, போகிறவர்கள் நின்று வாசியுங்கள். அதே ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் தேசாதிபதிகளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயத் தேசாதிபதிக்கே பெண்பிள்ளைகள் காற்று வாங்கக் காசு கேட்கத் தோன்றவில்லை. 2,500 ரூபா கொடுத்த கிழவி ஒருத்தியும் அவவின் மகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று இறால் வடை தின்றார்கள். வடைக்கும் நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

(அங்கே நிற்கும்போது இன்னொருவர் வந்து, பக்கத்துப் பன்சலையில் இன்று மட்டும் யானைப் பெரஹரா, என் ஓட்டோவில் வாங்கோ என்றார். இது காலிமுகத்திடலில் பழைய வித்தை. "இன்று மட்டும்" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.)

கல்கிசையில் வான் ஹோட்டல் வாசலுக்குப் போகவில்லை, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் நின்றது. மேலே பாறை மேட்டில் வெள்ளையாகக் கட்டிடம் தெரிந்தது. உள்ளே தனியார் கலியாணமாம், இன்று வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம், இங்கிருந்தே படம் எடுக்கலாமாம். மாமியால் மணலில் நடக்க முடியாது, வானுக்குள்ளேயே இருந்தா. மச்சாளுக்குச் சந்தேகம் வந்து, பிரதான வாசல்வரை நடந்துபோய்க் காவலாளியிடம் கேட்டா. கலியாணமும் இல்லை, தடையும் இல்லை. ஓட்டோ பிடித்து மாமியை மேலே ஏற்றினோம். தேநீருக்கு நாங்களே கட்டினோம். தேசாதிபதி மெயிற்லாண்ட் 1806இல் கட்டிய வீடு, லவினியா என்ற நடனக்காரி, அவளைச் சந்திக்கச் சுரங்கப்பாதை வெட்டினார் என்ற ஊர்க்கதை, பிறகு வந்த தேசாதிபதி பார்ன்ஸ் அதைப் பெரிதாக்கியது எல்லாவற்றையும் மாமியே பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னா. பொழுதுபட அரை மணி இருக்கும்போது சாரதி கூப்பிட்டு, நேரம் முடிந்துவிட்டது, இனி ஓவர்டைம் என்றார். போகச் சொல்லிவிட்டோம். கல்கிசை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் வெள்ளவத்தைக்கு வந்தோம்.

இதே இடங்களைப் பார்க்க வான் தேவையே இல்லை. வெள்ளவத்தையில் கோட்டை ரயில் ஏறினால் இடது பக்கம் முழுக்கக் கடல். கோட்டையில் ஓட்டோ பிடித்து மணிக்கூட்டுக் கோபுரம், அங்கிருந்து வெளிச்சவீடு, பிறகு திடல். வெயில் தாழ ரயிலில் கல்கிசை. ஓட்டோவுக்கு மீட்டர் அல்லது ஆப் விலை. பொழுதுபடுவது வருடம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான், அதற்கேற்ப மற்றதை முன்னால் தள்ளுங்கள். வழிகாட்டிதான் வேண்டும் என்றால், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுத்த அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியிடம் அது இருக்கும். முற்பணத்தைத் தனி ஆள் கணக்குக்குப் போடாதீர்கள். கடைக்குப் போகமாட்டோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கட்டணமானாலும் அந்த இடத்து ஜன்னலில் நீங்களே கட்டுங்கள். ஜன்னல் இல்லாவிட்டால் கட்டணமும் இல்லை.

ஒழுங்கமைப்பாளரிடம் பற்றுச்சீட்டு கேட்டேன். "டூர் முடிந்துவிட்டது" என்று ஒரு வரி வட்ஸ்அப்பில் வந்தது, அதன் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். சுற்றுலா அதிகார சபையின் 1912க்கும் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கும் அழைத்தேன், வங்கிச் சீட்டையும் அந்தக் கையெழுத்துத் துண்டையும் இணைத்து எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியிருக்கிறேன். மச்சாள் கனடா போகமுதல் பதில் வந்தால் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.